நனையாத பக்கம்

பெருமாள்மலைச் சந்திப்பில் ஆசியாவின் பழக்கடைத் தூணில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். அதற்குள் இருப்பது போலீசின் பட்டா புத்தகம். ரோந்து வருகிற போலீஸ்காரர் அதை எடுத்து, வந்த நேரத்தையும் கண்ணில் பட்டதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். பஜாருக்கு ராத்திரியில் காவல் இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகம்தான் அத்தாட்சி.

ஒரு சனிக்கிழமை காலையில், தோளில் பையும் காலில் சேறு அப்பிய ஷூவுமாக ஒரு பெண் வந்து நின்றாள். பட்டர் ஃப்ரூட் என்ன விலை என்று கேட்கவில்லை. மலைவாழைத் தாரைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேராக அந்தத் தகரப் பெட்டியைக் கேட்டாள். 

"என் பேரு தேவசேனா, அக்கா. மதுரையில ஆராய்ச்சி பண்றேன். ரோந்து, திருட்டு, போலீஸ் மேல ஜனங்களுக்கு இருக்கிற நம்பிக்கை, இதப்பத்தி. எஸ்.பி. ஆபீஸ் அனுமதிக் கடிதம் இருக்கு, பாருங்க."

கடிதத்தில் வட்ட முத்திரை இருந்தது. ஆசியா அதைப் படித்தாளோ இல்லையோ, முத்திரையை மட்டும் நன்றாகப் பார்த்தாள்.

"முதல்ல ஒரு கேள்வி. போலீஸ் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? கொஞ்சம்கூட இல்லைன்னா ஒண்ணு. முழுசா இருந்தா அஞ்சு."

"அஞ்சு."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"இதுல யோசிக்க என்ன கெடக்கு? அஞ்சுன்னு எழுதிக்க தாயி."

தேவசேனா சிரித்தாள். "இந்த பஜார்ல முப்பத்தாறு பேரைக் கேட்டுட்டேன். அத்தனை பேரும் அஞ்சுதான். போன வருஷம் எதையாவது திருட்டுக் குடுத்தீங்களான்னு கேட்டா, பதினோரு பேர் ஆமாங்கிறாங்க. ஸ்டேஷன்ல புகார் குடுத்தது எத்தனை பேரு தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல."

பன்னிரண்டாவது ஆள் தான்தான் என்று ஆசியா சொல்லவில்லை. சித்திரை சீசனில் அவள் கடைத் தராசு காணாமல் போனது. மறுநாளே வேறு வாங்கிவிட்டாள். ஸ்டேஷன் படியேறி, உட்காரச் சொல்வார்களா மாட்டார்களா என்று சுவரோரம் நிற்பதற்கு, தராசு போனது போகட்டும்.

கடிதத்தில் முத்திரை இருந்ததால் புத்தகத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தேவசேனா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். திருப்பிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"எல்லாப் பக்கமும் பச்சை மையாவே இருக்கே. ஏட்டய்யா பச்சைப் பேனாதான் வச்சிருப்பாரா?"

ஆசியாவின் கை பழ அட்டைகளைத் திருப்பி வைக்கப் போனது. பழ அட்டைகளில் அவள் விலை எழுதி வைத்திருந்ததும் அதே பச்சை மையில்தான். அந்தப் பெண்ணின் கண் அட்டைக்குப் போனது, புத்தகத்துக்கு வந்தது.

"ஐப்பசியில இந்த வாரம் பூரா மழை. இங்க எடுத்த ரூமைவிட்டு நான் வெளிய வரல. குடையோட வந்து நின்னு எழுதினாக்கூட ஒரு சொட்டு விழுந்திருக்கும். இந்தப் பக்கம் நனையவே இல்லையேக்கா." அவள் கை போனை எடுத்தது.

ஆசியா வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "போட்டோ எல்லாம் வேணாம். சோலியப் பாரு தாயி, போ."

"நான் யார் பேரையும் போலீசுக்குச் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியமா."

"ஆமாமா. எஸ்.பி. ஆபீசுலேருந்து வருவியாம், போலீசுக்குச் சொல்ல மாட்டியாம்."

தேவசேனாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு தாளில் தன் போன் நம்பரை எழுதித் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆசியா ஏன் இப்படிப் பதறினாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவளுக்கு ஒரே மகன், ஷபீர். தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி, தாண்டிக்குடியில் ஒரு எஸ்டேட் குடோனிலிருந்து ஆறு மூட்டை மிளகு போய்விட்டது. குடோனைத் திறந்து பார்த்ததே அடுத்த புதன்கிழமைதான். அந்த வியாழக்கிழமை நடுச்சாமத்தில், தார்ப்பாய் கிழிந்த பச்சை ஜீப் ஒன்றைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னான். தார்ப்பாய் கிழிந்த பச்சை ஜீப் என்றால் மலை முழுக்க ஷபீரின் ஜீப்தான் ஞாபகத்துக்கு வரும். போலீஸ் அவனை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டது. ஜீப்பையும் பிடித்து வைத்துக்கொண்டது.

ஷபீர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் வந்துட்டேன் சார். வீட்டு எறக்கம் முந்தின மழையில சேறா கெடந்துச்சு. அம்மா கடைக்கு முன்னாலயே வண்டிய விட்டுட்டு நடந்து போயிட்டேன். காலையில ஆறரைக்குத்தான் எடுத்தேன்."

சந்திப்பில் இருந்த கேமரா இடி விழுந்ததிலிருந்து வேலை செய்யவில்லை. அவன் போனில் அன்று சார்ஜ் இல்லை. அவனை வீட்டில் பார்த்தேன் என்று சொல்ல ஆசியாவும் ஊரில் இல்லை. மகள் வீட்டுப் பேரனுக்கு முடி இறக்கிப் பேர் வைக்கிற அகீகா என்று பாலசமுத்திரம் போய், வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் மலையேறினாள். கடை அந்த இரண்டு நாளும் பூட்டிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் டைரியைப் புரட்டி வாசித்துக் காட்டினார். "வியாழன், இரவு 12.50. பழக்கடை பாயிண்ட். அமைதி. வாகனம் ஏதுமில்லை. பட்டா புக்க வச்சு ஏட்டு எழுதினது. உன் ஜீப்பு அங்க நின்னுச்சுன்னா ஏட்டு கண்ணுக்கு ஏன் தெரியல?" வருகிற திங்கட்கிழமை வெள்ளனே வரச் சொன்னார். "மாத்துத் துணி எடுத்துட்டு வா" என்றார்.

உள்ளே வைக்கப் போகிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இனிமேல் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். 'வாகனம் ஏதுமில்லை' என்று எழுதியது ஏட்டு இல்லை. ஆசியாதான்.

ஏட்டு ஜெயமுருகனுக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் பாக்கி. முழங்கால் தேய்ந்துவிட்டது. பனியில் மேடேற முடியாது. திங்கட்கிழமை காலைகளில் ஆசியா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, போன வாரம் ஏழு ராத்திரிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு வந்த ஒரு திங்கட்கிழமை, "தங்கச்சி, நீயே நேரத்தை எழுதிரு, நான் கையெழுத்து மட்டும் போடுறேன்" என்றார். ஆசியா விலை எழுதும் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் கண்ணாடி இருந்தாலும் அவள்தான் எழுதினாள். ஒரே வாசகம், ஏழு நாளும்.

அவளால் மறுக்கவும் முடியாது. அவள் வீட்டுக்காரர் இப்ராம்சாவுக்கு நெஞ்சு அடைத்த அன்று, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போலீஸ் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தவர் ஜெயமுருகன். இப்ராம்சா பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் மையத்தாக வீட்டுக்கு வந்துசேரும்வரை பக்கத்தில் நின்ற மனுஷன். அப்படிப்பட்டவருக்கு நாலு வரி எழுதிக் கொடுப்பது என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தாள். ஊரில் இல்லாத ராத்திரிக்கும் சேர்த்து எழுதியபோது அது பொய் என்றே தோன்றவில்லை. அந்த வரி ஒருநாள் பெற்ற மகன் கழுத்துக்கே கயிறாக வரும் என்று யார் கண்டது?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஷபீர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் துலக்கும் பிரஷ்.

"ஏலே, ஒண்ணு கேப்பேன், உண்மையச் சொல்லு."

"நாலாவது தடவையாக் கேக்கப் போற. கேளு."

"வண்டி அங்கதான நின்னுச்சு?"

அவன் மடித்த சட்டையை உதறித் திரும்ப மடித்தான். "போலீசு கேட்டப்பக்கூட எனக்கு இம்புட்டு வலிக்கலம்மா."

அவள் வெளியே வந்து முருங்கையடியில் நின்றாள். அவன் கோபப்பட்டது உண்மையைச் சொன்னதாலா, மாட்டிக்கொண்டதாலா என்று மனசு கணக்குப் போட்டது. சீ, என்ன மனசு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிய பிறகும் அது நிற்கவில்லை. போன மாதம் புதுப் போன் வாங்கினானே, எதில் வாங்கினான்? பண்ணைக்காட்டில் யாரோ சிநேகிதன் என்றானே, யார் அவன்? அதுவரைக்கும் ஒரு பொருட்டாகவே படாத விஷயமெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயமுருகன் வந்தார். திங்கட்கிழமைதானே வருவார்? யூனிஃபார்ம் இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. ஸ்டூலில் உட்காரவும் இல்லை.

"தங்கச்சி, அந்த புக்க எடு. இன்ஸ்பெக்டர் நாளைக்கு ஒரிஜினல் வேணும்கிறாரு."

"எடுத்துட்டுப் போக எதுக்கு அண்ணே பை?"

அவர் பையிலிருந்து புதுப் பட்டா புத்தகம் ஒன்றை எடுத்தார். அட்டை மொடமொடவென்று இருந்தது. "பழசு மழையில ஊறிப்போச்சுன்னு சொல்லிரலாம். நான் உக்காந்து என் கையாலயே எல்லாத்தையும் இதுல எழுதிடுறேன். உன் எழுத்துன்னு தெரிஞ்சா உனக்கும் கேசு, எனக்கு பென்ஷனே போயிரும். யோசிச்சுப் பாரு."

"வியாழக்கிழமைக்கு என்ன எழுதுவீங்க?"

"டைரியில இருக்கிறதத்தான எழுதணும்?"

"வாகனம் ஏதுமில்லைன்னு."

ஜெயமுருகன் சாலையைப் பார்த்தார். மேலேறும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. "தங்கச்சி, நான் ஷபீரைத் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு வேற வழி பாப்போம்."

வேற வழி! எவ்வளவு இனிமையாகச் சொல்லிவிட்டார். ஆசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் அன்றைய போலீஸ் ஜீப்தான் தெரிந்தது. இப்போது அந்தப் புது அட்டை மட்டும்தான் தெரிந்தது. அவள் ஒரு பொய் சொன்னாள்.

"அந்த மதுரைப் பொண்ணு எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டுப் போயிருச்சு அண்ணே. பச்சை மை, என் எழுத்து, எல்லாம் அது போன்ல இருக்கு."

 ஜெயமுருகன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "எடுக்க விட்டியா?"

"எஸ்.பி. முத்திரை போட்ட காயிதம். நான் எப்படித் தடுக்க?"

 சுக்குக் காப்பி கொடுத்தாள், குடிக்கவில்லை. எழுந்து போகும்போது அந்தப் புதுப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பழசைக் கேட்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் எதிர்ப்புறம் சோளம் சுடுகிற கண்மணி கரிக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆசியாவைவிடப் பத்து வயசு சின்னவள். வாய் மட்டும் பத்து வயசு பெரியது.

"என்னக்கா, ஏட்டு மூஞ்சி சுட்ட சோளமாட்டம் போகுது?"

ஆசியா மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேறு யாரிடம் கொட்டுவாள்? கண்மணி கேட்டுக்கொண்டே இருந்தவள், "கடைக்கு முன்னால" என்ற இடத்தில் வாயில் விரலை வைத்தாள்.

"எந்த வியாழன்? நீ பேரன் விசேசத்துக்குப் போனியே, அதா? அடுத்த நாள் வெள்ளனே ஜீப்பு இங்கதானக்கா நின்னுச்சு! சோளச் சாக்கை அதுக்கடியிலதான தள்ளிவிட்டுட்டுக் கரி வாங்கப் போனேன்."

"என்னது?"

"ராத்திரி பூராம் மழை. ஆறு மணிக்கும் தூத்தல் நிக்கல. எங்க பாத்தாலும் தண்ணி. ஜீப்புக்கு அடியில மட்டும் தரை மாவாட்டம் காஞ்சு கெடந்துச்சு. ராத்திரி மழைக்கு முன்னாடியே நின்ன வண்டிக்குத்தான் அப்படிக் கெடக்கும். கரி வாங்கிட்டு வந்து பாத்தா வண்டியக் காணோம். சாக்கு மேல எண்ணெயா ஒழுகிக் கெடக்கு. உன் மகன அன்னைக்கு மனசுக்குள்ள வஞ்ச வசவு இருக்கே!"

"ஏண்டி, இத போலீசுகிட்டச் சொன்னியா?"

"கேட்டாங்க. எதையும் பாக்கலன்னுட்டேன்."

"ஏன்?"

"நீ தராசு போனதச் சொன்னியா?" கண்மணி குரலைத் தாழ்த்தினாள். "மிளகு போச்சுன்னாங்க, ஷபீருன்னு சொல்லலக்கா. கேசுன்னா கோர்ட்டு, கோர்ட்டுன்னா திண்டுக்கல்லு. என் அடுப்ப யாரு பாக்கிறது?"

ஆசியா அவளையே பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் என்ன நினைத்தாள் தெரியுமா? இவள் எனக்காகப் புளுகுகிறாளோ என்று நினைத்தாள். இத்தனை நாள் சொல்லாதவள், ஏட்டு வந்துபோன மறுநிமிஷம் சொல்கிறாள்.

"அந்தச் சாக்கு எங்கடி?"

கண்மணிக்கு அந்தக் கேள்வியின் முள் தைத்தது. தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துவந்து விரித்தாள். நடுவில் இரண்டு கருப்புத் திட்டுகள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. "போதுமாக்கா?" என்றாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். ஷபீர் துணிப்பையை மடியில் வைத்திருந்தான். ஆசியா பட்டா புத்தகத்தை முந்தானைக்குள் வைத்திருந்தாள். கண்மணியின் கக்கத்தில் சாக்கு.

ஸ்டேஷனில் அவர்களுக்கு முன்னாலேயே ஜெயமுருகன் இன்ஸ்பெக்டர் மேசைக்கு எதிரே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.  முந்திக்கொண்டு என்ன கதை சொன்னாரோ?

இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க. ஏட்டு ஒரு புது விஷயம் சொல்றாரு. வியாழக்கிழமை அவரு பாயிண்டுக்கே வரலையாம். ஜீப்பு நின்னுச்சா நிக்கலையான்னு அவருக்குத் தெரியாதாம். புக்கில இருக்கிறதப் பூராம் அவரே சும்மா எழுதினதாம்."

ஆசியா ஜெயமுருகனைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் அவளைக் காப்பாற்றுகிறாரா, இல்லை போட்டோ வெளியே வருவதற்குள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா? அன்றும் அவளுக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"கையெழுத்து அவரு. எழுத்து என்னுது சார்."

இன்ஸ்பெக்டர் புரட்டினார். "பச்சை மையில எழுத நீ என்ன கெஜட்டட் ஆபீசரா?" யாரும் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுதான் எழுதினியா?"

"பழ விலை எழுதுற பேனா சார். தெரிஞ்சுதான் எழுதினேன். பாக்காததப் பாத்தேன்னு எழுதினேன்."

கண்மணி தன் கதையைச் சொன்னாள். வாய்க்காரி, அன்று மட்டும் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். அது எந்த வெள்ளிக்கிழமை என்று இன்ஸ்பெக்டர் மடக்கினார். "இந்தக்கா கடை பூட்டிக் கெடந்து மழையும் பெஞ்சது அந்த ஒரு காலையிலதான் சார்" என்றாள்.

"மூணு பேரும் பஸ்ஸுல வர்றப்பவே பேசி வச்சீங்களா?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாதக்கணக்காகப் பொய் எழுதியவளும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்றவளும் வந்து நின்றுகொண்டு, இப்போது சொல்வதை நம்பு என்றால் யார் நம்புவார்கள்?

அவர் சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்டேஷன் வளாகத்து மூலையில் மூன்று வாரமாக ஷபீரின் ஜீப் நின்றது. ஒரு போலீஸ்காரரை விட்டுப் பின்னால் தள்ளச் சொன்னார். ஜீப் நின்ற இடத்தில் தரையில் இரண்டு எண்ணெய்த் திட்டுகள். இன்ஸ்பெக்டர் குத்த வைத்து உட்கார்ந்து, சாக்கை அதன் பக்கத்தில் விரித்தார். சாண் போட்டு அளந்தார். மறுபடியும் அளந்தார். ஒரே அளவு. எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார்.

"மகஜர் போட்டு இதக் கைப்பத்து. இந்தம்மா வாக்குமூலத்த எழுதிக் கையெழுத்து வாங்கு" என்றார்.

"கையெழுத்தா?" கண்மணி பின்வாங்கினாள். "சொல்லத்தான் வந்தேன் சார். கையெழுத்தெல்லாம்..."

ஷபீரின் கை துணிப்பையை இறுக்கியது.  நேற்று அவளைச் சந்தேகப்பட்ட வாயால் ஆசியா இன்று எப்படிக் கெஞ்சுவாள்?

கண்மணி அந்தப் பையைப் பார்த்தாள். நீண்ட பெருமூச்சு விட்டாள். "எங்க போடணும்? வெரசாக் காட்டுங்க. அடுப்பு அணைஞ்சிருக்கும்."

கேஸ் முடியவில்லை. மிளகு கிடைக்கவில்லை. ஆனால் ஷபீர் சாயங்காலம் ஜீப்போடு வந்தான். அம்மாவும் மகனும் முன்சீட்டில், கண்மணி பின்னால். வெள்ளி அருவி வளைவு தாண்டியதும் ஷபீர் கேட்டான்.

"அந்த மதுரைப் பொண்ணுகிட்ட போலீசுக்கு அஞ்சு குடுத்தியாமே. எனக்கு எத்தனைம்மா குடுத்திருப்ப?"

பொய் சொல்வதற்கு அவளுக்குத் தெம்பில்லை. "நேத்து வரைக்கும் மூணு" என்றாள்.

பின்னாலிருந்து கண்மணி சிரித்தாள். ஷபீர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "பரவால்ல, பாசாயிட்டேன்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஆசியா அந்த நம்பர் எழுதிய தாளைத் தேடி எடுத்துத் தேவசேனாவுக்குப் போன் போட்டாள். "அந்த அஞ்ச அடிச்சிரு தாயி. தராசு திருட்டையும் சேத்துக்க" என்றாள். அஞ்சுக்குப் பதில் என்ன எழுத என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆசியாவிடம் ஒரு வாக்குமூலம் வாங்கியதோடு விட்டார்கள். ஜெயமுருகனுக்கு மெமோ கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை அவருக்கு அதே பாயிண்ட், அதே ரோந்து. அந்த மொடமொட அட்டைப் புத்தகம் பெட்டிக்குள் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. ஸ்டூல் காலியாகவே கிடந்தது.

புதன்கிழமை ராத்திரி நல்ல மழை. வியாழக்கிழமை காலையில் கடை திறந்த ஆசியா, கை துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். முந்தின ராத்திரிக்கான பக்கத்தில், நீல மையில், கண்ணாடி இல்லாதவர் எழுத்தாகக் கோணலாக நாலு வரி. 'இரவு 1.10. மழை. பழக்கடை முன் பச்சை ஜீப் ஒன்று. சோள வண்டி தார்ப்பாய் அவிழ்ந்திருந்தது, கட்டினேன்.' கடைசி வரி நனைந்து, நீலம் கரைந்து, பாதி எழுத்து வழிந்திருந்தது.

அவள் தெருவைத் தாண்டிப் போய்ச் சோள வண்டியின் தார்ப்பாயைப் பார்த்தாள். முடிச்சு கண்மணி போடுகிற முடிச்சு இல்லைதான். திரும்பி வந்தாள். புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஈரம் மழைத் தண்ணீர்தானா, இல்லை யாராவது குழாயில் நனைத்து வைத்ததா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பக்கத்தை மூடாமல், காயட்டும் என்று விரித்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.